இரவல் வாசனை

மீத்தேனுக்கு வாசனை கிடையாது. நிறமும் கிடையாது. ஒரு அறை முழுக்க அது நிரம்பி நின்றாலும் நாம் அதனூடே நடந்துபோய் ஜன்னலைத் திறந்து வெயிலைப் பார்ப்போம். தமயந்திக்கு மட்டும் அது மூன்று மாதக் குழந்தையின் கழுத்து மடிப்பாக மணத்தது.

புளித்த பால் கொஞ்சம். தேங்காய் எண்ணெய் கொஞ்சம். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய வேட்டித் துணி கொஞ்சம். இவற்றுக்கெல்லாம் அடியில் பெயர் சொல்ல முடியாத ஓர் இளஞ்சூடு. மடிப்பை விரலால் விலக்கி மூக்கை வைத்தால்தான் அது கிடைக்கும். குழந்தை கூச்சத்தில் தோளை உயர்த்தி மூக்கைச் சிறைபிடித்துக்கொள்ளும்.

பொழுது சாயும் நேரத்தில் அவள் சக்கைக் குட்டையின் கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். குட்டையைச் சுற்றி நேப்பியர் தீவனப்புல் ஆளுயரத்துக்கு மேல் நின்றது. உள்ளே கறுத்த கூழ், அதன்மேல் காய்ந்த ஆடை. ஆடை அங்கங்கே மெதுவாக உப்பும், வெடிக்கும், மூடிக்கொள்ளும். தூக்கத்தில் சப்புக்கொட்டும் வாய் போல. மேற்கிலிருந்து காற்று வந்ததும் அவள் கண்களை மூடுவாள். பாப்பா வருவாள்.

இது பாப்பா இல்லை என்று அவளுக்குத் தெரியும். கனவு காண்கிறவருக்கும் இது கனவு என்று சில சமயம் தெரிந்துவிடுகிறது. அதற்காக யாரும் எழுந்துவிடுவதில்லை.

பக்கத்தில், வாயு கசியும் இடங்களில் நடுவதற்கான மஞ்சள் துணிக்கொடிகள் கட்டாகக் கிடக்கும். அதுதான் அவள் வேலை.

அவள் ஊரான கொன்றைவலசுக்குக் கிழக்கே ஆலையின் பச்சை பலூன்கள் வரிசையாக இருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் போர்வைக்குள் யாரோ முழங்காலை மடக்கிப் படுத்திருப்பது போலத் தோன்றும். சுற்று வட்டாரத்துக் கட்டுத்தரைகளின் சாணம், கோழிப் பண்ணைகளின் எரு, புன்செய்க் காடுகளில் வேறெதற்கும் இடமில்லாமல் வளர்ந்த புல், எல்லாம் அவற்றின் வயிற்றுக்குள் போய்ப் புளித்து வாயுவாகும். வாயு குழாய் வழியாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கொதிகலன்களுக்கும் பேருந்துகளுக்கும் போகும். 'வானத்தைக் காக்கும் ஆலை' என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். பொய்யில்லை. நிலக்கரி எரித்த இடங்களில் இப்போது இது எரிந்தது. ஆனால் எரிந்தால்தான் நல்லது. எரியாமல் கசிந்து மேலே போனால் புகையைவிடப் பல மடங்கு வானத்தைச் சூடாக்கும். ஒரு பலூனின் தையல் விட்டால் ஊரே சாணம் சுமந்த பலன் போய்விடும்.

கருவிகள் இருந்தன. அவை எவ்வளவு என்று சொல்லின. எங்கே என்று சொல்லத் திணறின. தூசியும் காற்றும் அவற்றை ஏமாற்றின. அப்போதுதான் மனித மூக்கைத் தேடி வந்தார்கள்.

கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்தில் டாக்டர் பர்வீன் தமயந்திக்குப் பொறுமையாகச் சொன்னார்.

"மூக்குக்குள்ள, மேல, ஒரு சின்ன ஒட்டு வைக்கப்போறோம். நாங்க வளர்த்த செல். மீத்தேன் பட்டதும் அது மூளைக்கு 'இருக்கு'ன்னு மட்டும் சொல்லும். என்ன வாசனைன்னு சொல்லாது. ஏன்னா அதுக்கு வாசனையே இல்லையே. உங்க மூளைதான் தன்கிட்ட இருக்கிறதுல ஒண்ணை எடுத்து இரவலா கொடுக்கணும்."

"எதைக் குடுக்குங்க?"

"அது எங்க கையில இல்லம்மா. ஒருத்தருக்குப் பலாப்பழம். இன்னொருத்தருக்கு ஆஸ்பத்திரி வராண்டா. பாவம், ஒரே வாரத்துல ஒட்டை எடுத்துடச் சொல்லி ஓடி வந்துட்டார்."

"மாட்டுக்கிட்டப் போனா வருங்களா?"

"அசைபோடுற மாட்டுக்கிட்ட வரும். நெல் வயல்ல வரும். சில மனுஷங்க மூச்சுலகூட இருக்கும், அவங்க குடல்ல என்ன கிருமி குடியிருக்குன்னு பொறுத்து. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் தலையில கொடியை நட்டுடாதீங்க." டாக்டர் சிரித்தார். பிறகு, "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க. பலமா இருக்கிற இடத்துல போய் உக்காந்துக்கிட்டே இருந்தா ஒட்டு அலுத்துப்போகும். மெல்லிசா இருக்கிறது அப்புறம் தெரியாது. திரும்பத் தெளியறதுக்கு வாரக்கணக்கா ஆகும்."

கட்டுப் பிரித்து ஆலைக்கு வந்த முதல் நாள், கடைசி பலூனின் ஓரமாக நடந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆபரேஷன் களைப்பு என்று நினைத்து யாரோ சோடா வாங்கி வந்தார்கள். அவள் உட்கார்ந்தபடியே ஒரு கொடியை எடுத்து நட்டாள். முதல் கொடி. நடும்போது, குழந்தையின் தொட்டில் கயிற்றை அறுப்பது போலிருந்தது. ஆட்கள் வந்து தையலை ஒட்டினார்கள். வாசனை நின்றது. "என்னம்மா வாசம் வந்துது?" என்று மேனேஜர் லோகநாதன் ஆர்வமாகக் கேட்டார். "நல்ல வாசந்தானுங்க" என்றாள்.

கொடிக்கு ஒரு முறை இருந்தது. மூக்குக்காரர் கொடி நட்டால், நட்டவரே வந்து முகர்ந்து பார்த்துத் தன் கையால் பிடுங்கும்வரை அது நிற்கும். மேனேஜரோ முதலாளியோ தொடக்கூடாது. கொடி நிற்கும்வரை ஆலைக்குப் பசுமைச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத வாயுவை யாரும் வாங்குவதில்லை. அதனால் ஊரில் அவளுக்கு ஒரு பயம் கலந்த மரியாதையும், மூக்கக்கா என்ற பெயரும் வந்தன.

சக்கைக் குட்டையில் யாரும் கொடி நட்டதில்லை. பலூன்களின் வயிற்றில் வாயு எடுத்த பிறகு மிஞ்சும் கூழ் அங்கே வந்து விழும். அதைச் சக்கை என்றார்கள். சக்கை என்று பெயர் வைத்த பிறகு அதில் இன்னும் உயிர் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அவளுடைய வேலை பலூனும் குழாயும்தான். ஒரு நாள் வேலை முடிந்து குறுக்கு வழியில் வீட்டுக்குப் போகும்போதுதான், புல்லுக்கு நடுவே, யாரோ பெயர் சொல்லி அழைத்தது போல அவள் நின்றாள்.

அன்றிலிருந்து தினமும் போனாள்.

பாப்பா இறந்தது ஒட்டு வைப்பதற்கு முன்னால். தமயந்திக்குப் பால் போதவில்லை. மாவுப்பால் கரைத்தார்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்துத்தான் கரைத்தார்கள். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். உப்பு சாகாது, இன்னும் கெட்டிப்படும். முதலில் உதடு, பிறகு நகம், பிறகு காது மடல் என்று நாவற்பழம் தின்ற நிறம் ஏறியது. ஈரோட்டில் டாக்டர்கள் சொன்னார்கள்: புல்லுக்குப் பாய்ச்சும் சாணக் கூழில் இருக்கும் நைட்ரேட் என்ற உப்பு, மண் குடித்தது போக மிச்சம் கிணற்றுக்குள் இறங்கியிருக்கிறது. பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. பச்சைக் குழந்தையின் ரத்தத்தில் போனால் அது காற்றைச் சுமக்க விடாது.

அந்தக் கூழை டேங்கர் லாரியில் ஏற்றிக் காடு காடாகப் பாய்ச்சியது அவள் கணவன் சென்னியப்பன்.

அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது ஒரு சண்டையாக ஆகியிருக்கும், சண்டை ஒருநாள் தீர்ந்திருக்கும். சொல்லாததால் அது வீட்டில் ஒரு பீரோவைப் போல நின்றுவிட்டது. இருவரும் அதைச் சுற்றி நடக்கப் பழகினார்கள். "தண்ணி வந்துதா?" "வந்துதுங்க." "சாவி எங்க?" "ஆணியில இருக்குதுங்க." அவன் முன்னறையில் படுத்தான். அவள் உள்ளறையில். பழைய கிணற்றின் மேல் ஆலைக்காரர்கள் பலகை போட்டு மூடி, குட்டைக்கு மேல்புறம் மேட்டில் புதிதாகக் கிணறு வெட்டிக் குழாய் போட்டுத் தந்தார்கள். தண்ணீர் மேடேறாது என்று எல்லோரும் நம்பினார்கள். வெயில் காலத்தில் தண்ணீரை எடுத்துப்போய்ச் சோதித்து, சுத்தம் என்று சொன்னார்கள்.

அந்த ஐப்பசியில் எட்வின் வந்தார். நாமக்கல் பக்கத்து ஆலையின் மூக்குக்காரர். ஒருவர் ஆலையை இன்னொருவர் முகர்ந்து பார்ப்பது வருஷா வருஷம் நடப்பது. தொந்தியும் வெற்றிலைக் கறையும் ஓயாத பேச்சுமாக, அவர் பலூன்களின் நடுவே கல்யாண வீட்டுக்கு வந்தவரைப் போல நடந்தார். பம்ப் அறை அருகே நின்று, ஒரு குழாய் இணைப்பைக் குனிந்து பார்த்துக் கொடி நட்டார்.

"என்னுங்க தங்கச்சி, மூக்குக்கு லீவு குடுத்துட்டீங்களா?"

தமயந்தி அந்த இணைப்பைக் காலையில்தான் கடந்து போயிருந்தாள். குனிந்து முகர்ந்தாள். ஒன்றுமில்லை. வெறும் இரும்பு.

"எனக்கு ஒண்ணும் வல்லீங்களே."

"வராதுங்க. அலுத்த மூக்குக்கு வந்தாத்தான் அதிசயம்." அவர் அவளை ஒரு கணம் பார்த்தார்.

சாயங்காலம் அவள் குட்டைக்கரையில் உட்கார்ந்திருந்தபோது புல்லை விலக்கிக்கொண்டு அவர் வந்தார்.

"ஓ. இங்க இருக்குதா சமாச்சாரம்." மூச்சை இழுத்தார். தலையை ஆட்டினார். "ஏகமா இருக்குதுங்களே! பலூன்ல கசியறதெல்லாம் இதுக்கு முன்னால தூசு."

"சக்கைல எப்படிண்ணா வருது?"

"பின்ன? திருப்பூர்ல இன்னும் வேணும் இன்னும் வேணும்ங்கறான். இவுங்க புல்லை வெட்டி வெட்டித் திணிக்கறாங்க. மொத வேளை செரிக்கறதுக்குள்ள அடுத்த வேளையை வாயில தள்ளுனா என்ன ஆகும்? அரைகுறையா வெளிய வந்துரும். மீதி இங்க கெடந்து செரிக்குது. வாயு நேரா மேல போவுது." அவர் கையை வானத்தைப் பார்த்துக் காட்டினார். "எங்க ஊர்லயும் இதே கதைதானுங்க. நான் குட்டைப் பக்கம் போறதே இல்ல."

"ஏனுங்க?"

"எனக்கு என்ன வாசம் வருதுன்னு சொல்லட்டுங்களா? சிரிக்கக்கூடாது. புது ஸ்கூல் பேக்கு. ஜூன் மாசம் ஜிப்பைத் திறந்தா வருமே, அது. எங்கப்பா எனக்கு ஒரே ஒருக்கா வாங்கிக் குடுத்தாரு. பலூன் ஓரத்துல அது லேசா வந்தா சந்தோஷமா இருக்குது. இங்க உக்காந்தேன்னா வீட்டுக்குப் போவமாட்டேன்." சற்று நிறுத்தி, "உங்களுக்கு?" என்றார்.

குட்டையில் ஓரிடம் உப்பி வெடித்தது.

"சரி, வேண்டாம். சொல்ல முடியறவங்க எதுக்குக் கரையில வந்து உக்காரப்போறாங்க?" எட்வின் எழுந்து வேட்டியைத் தட்டினார். "என்ற வேலையில குட்டை இல்லீங்க. உங்க வேலையிலயும் இல்ல. நான் எதையும் பாக்கல. ஆனா தங்கச்சி, வீட்டுல யாராச்சும் இருந்தா அவுங்க மொகத்தையும் அப்பப்பப் பாருங்க."

அவர் போன பிறகும் அவள் இருட்டும்வரை இருந்தாள். வானத்தைக் காப்பதற்குத்தான் தனக்கு மூக்கு கொடுத்தார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். வானம் ரொம்பப் பெரியது. அது சூடாவதை அவளால் உள்ளங்கையில் உணர முடியவில்லை. குழந்தையின் கழுத்தைத்தான் உணர முடிந்தது. தான் கெட்டவளாகிக்கொண்டிருக்கிறோமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது வந்த வேகத்தில் பால் வாடையில் கரைந்து போயிற்று.

சில நாள் பிடித்த மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு ஹர்ஷினி கூப்பிட்டாள். பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகியிருந்தது. தமயந்தி இதுவரை அந்தக் குழந்தையை வாசலில் நின்றுதான் பார்த்திருந்தாள்.

"மூக்கக்கா! சித்த உள்ள வாங்கக்கா. இந்த ராசாவைப் புடிங்க. கத்தி ஊரைக் கூட்டறான். இவங்கப்பன் டவுனுக்குப் போன ஆளு, பால் டப்பா வாங்கியாந்து போட்டுட்டு மறுபடி எங்கியோ போய்ட்டாரு."

"பால் டப்பாவா?"

"எனக்குப் பத்தலீங்க்கா. டாக்டரம்மா சேத்திக் குடுக்கச் சொல்லிட்டாங்க. அதுக்கென்ன, நானே டப்பாப் பால்ல வளந்தவதான். எப்படி இருக்கறேன் பாருங்க, தூணாட்ட!"

குழந்தை தமயந்தியின் கைக்கு வந்தது. எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. பயந்துகொண்டே குனிந்து அதன் கழுத்தருகே மூக்கைக் கொண்டுபோனாள். வசம்பு. பவுடர். சீலையின் புதுச் சாயம். இது வேறொரு குழந்தை. ஏமாற்றமும் நிம்மதியும் ஒன்றாக வந்து, எது எது என்று பிரிக்கத் தெரியாமல் அவள் நின்றாள்.

அடுப்பங்கரையில் ஹர்ஷினி பாத்திரத்தை வைத்துவிட்டுத் தண்ணீர்க் கேனின் மூடியைத் திருகினாள்.

பாப்பா வந்தாள்.

கேனுக்குள்ளிருந்து, அடைத்துவைத்த மூச்சை விட்டது போல, அறை முழுக்க வந்தாள். புளித்த பால், எண்ணெய், வேட்டித் துணி, அந்தச் சூடு. கைகளில் ஒரு குழந்தை, காற்றில் ஒரு குழந்தை. தமயந்தி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அந்தத் தண்ணி எதுங்கண்ணு?"

"மேட்டுக் கெணத்துத் தண்ணிதானுங்க்கா. நேத்துப் புடிச்சு மூடி வெச்சேன். ஏனுங்க, மொகம் வெளுத்துப்போச்சு?"

"அதைக் கலக்காத."

"கொதிக்கவெச்சுத்தான்..."

"கொதிக்கவெச்சாப் போவாது. நானும் கொதிக்கத்தான் வெச்சேன்."

ஹர்ஷினியின் கை மூடிமேல் அப்படியே நின்றது. அந்த வார்த்தையை இந்தத் தெருவில் யாரும் தமயந்தியின் வாயிலிருந்து கேட்டதில்லை.

"டெஸ்ட்டுல நல்ல தண்ணின்னு சொன்னாங்களேக்கா" என்றாள் மெதுவாக.

"அது வெயில் காலத்துல. இப்ப மழை பேஞ்சு நெலம் ஊறியிருக்குது. மோட்டார் உறிஞ்ச உறிஞ்ச, குட்டையில இருக்கறது இந்த மேட்டுக் கெணத்துக்கும் வழி கண்டுபுடிச்சிருச்சு. வாயு வந்த வழியில உப்பும் வரும். இன்னைக்கு வந்திருக்கோ என்னமோ, நாளைக்கு வந்துரும்." குழந்தையைத் திருப்பிக் கொடுத்தாள். "கடைல பாட்டில் தண்ணி வாங்கிட்டு வரச் சொல்லு. அது வர்ற வரைக்கும் உன்ற பாலே குடுத்துட்டு இரு. அளுதா அளுவட்டும்."

கேனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மூடியை இறுக்க மறந்திருந்தாள். நடக்க நடக்க வாசனை கூடவே வந்தது. இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பது போல.

வீட்டு முன்னால் சென்னியப்பன் டேங்கரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் கேனை அவன் காலடியில் வைத்தாள்.

"இதுல பாப்பா வாசம் வருதுங்க."

அவன் குழாயை மூடவில்லை. தண்ணீர் இருவர் காலையும் நனைத்துக்கொண்டு ஓடியது. அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவன் நினைப்பது அவன் கண்களில் தெரிந்தது. பிறகுதான் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்ன இரவல், முதல் கொடி, குட்டைக்கரை, எட்வின், கேன். இத்தனை நீளமாக அவனிடம் பேசி எத்தனை காலம் ஆகிவிட்டதென்று பேசும்போதே தோன்றியது.

"பொழுது சாஞ்சா வீட்டுல இருக்கமாட்டியே... அங்கதான் போவியா?"

"ஆமாங்க."

"என்ற மூஞ்சியப் பாக்கப் புடிக்காமத்தான் நீ போறீன்னு நெனச்சிட்டிருந்தேன்."

அவள் கேனை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் குனிந்து கேனின் வாயில் மூக்கை வைத்தான். நெடுநேரம் முகர்ந்தான். நிமிர்ந்தபோது உதடு கோணியிருந்தது. "எனக்கு ஒண்ணுமே வல்ல, தமா. அவ வாசம் எப்படி இருக்கும்னே எனக்கு மறந்துபோச்சு. நெனச்சு நெனச்சுப் பாக்கறேன். டீசல்தான் வருது."

"கொடி நட்டா குட்டைய மூடிருவாங்க" என்றாள். "அப்புறம் எனக்கும் வராது."

"லாரியும் ஓடாது" என்றான் அவன். பிறகு, "வாயேன். கொடிக்கட்டை நான் புடிச்சுக்கறேன்."

குட்டைக்குப் போகும் வழியில் மழைத் துளிகள் புல்லிலிருந்து அவர்கள் மேல் உதிர்ந்தன. கரையில் நின்று அவள் ஒரு முறை, நெஞ்சு வலிக்கும்வரை மூச்சை இழுத்தாள். போதாது. இன்னொரு முறை இழுத்தால் போதும் என்று தோன்றியது. அதற்குப் பிறகு இன்னொரு முறை. இது போதுமாகும் நாள் வரவே வராது என்று புரிந்ததும் கையை நீட்டினாள். அவன் ஒரு கொடியை வைத்தான். ஈர மண்ணில் அது சுலபமாக இறங்கியது. கரை நெடுக நட்டுக்கொண்டே போனார்கள், அவள் முன்னால், அவன் பின்னால், புல்லுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாக.

லோகநாதன் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"என்னம்மா இது! அது சக்கைம்மா, சக்கை! செத்த மாட்டுல பால் கறக்கறயே!"

"சாவலீங்க சார். மூச்சு உட்டுட்டுத்தான் இருக்குது."

"குட்டை உன்ற லிஸ்ட்டுலயே இல்லையே!"

"மூக்குல இருக்குதுங்களே."

"சென்னி, நீயாச்சும் சொல்லுப்பா. நாளைக்கு ஒரு கட்டுத்தரையிலயும் சாணி எடுக்கமாட்டோம். ஊர்க்காரன் உங்களைச் சும்மா உடுவானா? பிடுங்கச் சொல்லு."

"நட்டவதான் சார் புடுங்கோணும்" என்றான் சென்னியப்பன். "முறை அதுதானுங்களே."

ஊர் சும்மா விடவில்லைதான். சாணம் வாசல்களில் குவிந்தது, ஈ மொய்த்தது, புல் வெட்டாமல் முற்றியது. கடையில் தமயந்தி நின்றால் பேச்சு நின்றது. "மூக்கு வெச்சதுக்குப் பதிலா வாய்க்கு ஒரு பூட்டு வெச்சிருக்கலாம்" என்று யாரோ அவள் காதுபடச் சொன்னார்கள். ஹர்ஷினி மட்டும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்து, கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் கேனின் கதையைச் சொன்னாள். சென்னையிலிருந்து சான்றிதழ் தரும் ஆட்கள் வந்து கருவிகளை வைத்துப் பார்த்தார்கள். மேட்டுக் கிணற்றுத் தண்ணீரை மறுபடி எடுத்துப்போனார்கள். இந்த முறை உப்பு இருந்தது. கிணற்றை மூடி, தாராபுரத்திலிருந்து லாரியில் தண்ணீர் விட்டார்கள். குட்டையை இறைத்து, அடியில் தடித்த விரிப்புப் போட்டு, மேலே பலூன் துணியால் மூடினார்கள். மூடிய துணி சில நாட்களிலேயே உப்பி நின்றது. "பாரேன், சக்கைல இவ்வளவு இருந்திருக்குது!" என்று லோகநாதன் அதற்கும் ஒரு குழாய் இழுத்தார். புல்லுக்குக் கூழ் பாய்ச்சுவதற்கும் அளவு வைத்தார்கள். டேங்கர்கள் பாதி நின்றன. சென்னியப்பன் தண்ணீர் லாரிக்கு மாறினான்.

எல்லாம் முடிந்த அன்று தமயந்தி கரை நெடுகப் போய்த் தன் கொடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஒவ்வொன்றின் அருகிலும் குனிந்து முகர வேண்டும். முறை அது. ஈர மண். ரப்பர். புல். எங்கேயும் அவள் இல்லை. பாப்பா இரண்டாம் முறை போனாள். இந்த முறை தாயே அனுப்பிவைத்தாள்.

அதன்பின் நாட்கள் சுவையில்லாமல் நகர்ந்தன. பலூன் ஓரங்களில் நடந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருப்பது இத்தனை வெறுமையாக இருக்குமென்று யாரும் சொல்லியிருக்கவில்லை. சாயங்காலங்களில் எங்கே போவதென்று தெரியாமல் வீட்டிலேயே இருந்தாள். சென்னியப்பன் வந்தால் இருவரும் டீ குடித்தார்கள். ஒருநாள் அவன், "அவளுக்கு விக்கல் வந்தா ஒரு சத்தம் போடுவாளே" என்றான். இன்னொரு நாள் அவள், "நீங்க பாடுனா அளுவாளே" என்றாள். "நான் பாடுனா நீயும்தான் அளுவே" என்றான். பீரோ நின்றிருந்த இடத்தில் தரை வெளுப்பாகத் தெரிந்தது. அங்கே கால் வைக்க இருவருக்கும் கொஞ்சம் கூச்சம் இருந்தது.

தை மாதத்து மத்தியானம் ஒன்று. தண்ணீர் விட்டுவிட்டு வந்த சென்னியப்பன் சாப்பிட்ட கையோடு முன்னறையில் பாயை விரித்துப் படுத்துத் தூங்கிப்போனான். ஜன்னல் வழியே விழுந்த வெயில் அவன் முகத்தை எட்டிக்கொண்டிருந்தது. தமயந்தி திரைச்சீலையை இழுத்துவிட வந்தாள். கொக்கி சிக்கிக்கொண்டது. அவனைத் தாண்டிச் சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்தாள்.

நின்றாள்.

மிக மெல்லியது. நூலளவு. வந்தது, போயிற்று. மறுபடி வந்தது. தேங்காய் எண்ணெய். வேட்டித் துணி. விரலால் விலக்கி மூக்கை வைத்தால் மட்டும் கிடைக்கும் அந்தச் சூடு.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது. வாயுக் குழாய் இந்தப் பக்கம் கிடையாது. மாடு கிடையாது. வாசனை ஒரு தாளத்தோடு வந்துகொண்டிருந்தது. அவன் மார்பு ஏறும்போது நின்றது. இறங்கும்போது வந்தது.

சில மனுஷங்க மூச்சுலகூட இருக்கும் என்று கோயம்புத்தூரில் டாக்டர் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது.

குட்டைக்கரையில் பொழுதையெல்லாம் கழித்துவிட்டு, அலுத்த மூக்கோடு, இந்த அறையைக் கடந்துதான் அவள் உள்ளே போவாள். இதே ஆள் இதே பாயில் இப்படித்தான் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்திருப்பான். குழந்தையின் வாசனையே மறந்துபோயிற்றே என்று கலங்கிய மனிதன்.

திரைச்சீலையை விட்டுவிட்டாள். பாயின் ஓரத்தில், அவன் முகத்துக்கு எதிரே, மெல்லப் படுத்துக்கொண்டாள். வெயில் இருவர் மேலும் விழுந்தது. அவளுடைய மூச்சு பட்டு அவன் கண்ணைத் திறந்தான். இத்தனை அருகில் அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழப் பார்த்தான்.

"என்னாச்சு? என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லீங்க" என்றாள். "நீங்க பாட்டுக்கு மூச்சு உடுங்க."